கார் ஓட்டக் கற்பது: கிளட்சில் தொடங்கி புதுச்சேரி சாலை வரை

டிரைவிங் ஸ்கூல் காரில் கிளட்ச், பிரேக் பெடல்கள் இரண்டு ஜோடி இருக்கும். ஒரு ஜோடி உங்கள் காலடியில், இன்னொரு ஜோடி பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் கார் கற்க வருபவர்களில் பலர், கோர்ஸை முடித்து லைசென்ஸும் வாங்கிய பிறகு, வீட்டு வாசலில் நிற்கும் சொந்த வண்டியை ஃபர்ஸ்ட் கியரில் நகர்த்த முடியாமல் திணறுகிறார்கள். திறமை இல்லாததால் அல்ல. இத்தனை நாளும் அவர்கள் ஸ்டியரிங்கை மட்டும்தான் பிடித்திருந்தார்கள். கிளட்சையும் பிரேக்கையும் பார்த்துக்கொண்டது மாஸ்டரின் கால். வண்டி ஆஃப் ஆகாமல் ஓடியதால் தனக்கு ஓட்ட வந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு.

அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரே குறியை நோக்கித்தான்: அந்த இரண்டாவது கால் இல்லாமல் வண்டி உங்களுக்கு அடங்க வேண்டும்.

காகித வேலை

முதலில் எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம். கியர் வண்டிக்கும் காருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில் விண்ணப்பிக்கலாம். 40 வயதைத் தாண்டியவர்கள் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ சேர்க்க வேண்டும்; அதற்குள்ளானவர்களுக்குத் தன்னுறுதி தரும் படிவம் 1 போதும். கண்ணாடி போடும் வயதில் இருப்பவர்கள் அதற்கு முன்பே கண் பரிசோதனை செய்து கொள்வது நல்லது. பழைய பவரோடு மாலை வெளிச்சத்தில் ஓட்டப் பழகுவது வீண் சிரமம்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழிந்த பிறகுதான் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். அது இந்தியா முழுவதும் செல்லும் என்பதால், கடலூரில் எடுத்த எல்.எல்.ஆரோடு முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் ஓட்டலாம். ஆனால் இரண்டு நிபந்தனை: முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய விதத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். தனியாக ஓட்டி விபத்து நேர்ந்தால் அபராதத்தோடு போகாது, இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கவும் வாய்ப்பு உண்டு.

ஸ்கூலில் சேரும் முன் கேட்க வேண்டியது

மோட்டார் வாகன விதிப்படி கார் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் நேரம் மட்டும் 10 மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி என்று வைத்தால் கணக்குச் சரியாக வரும். நடப்பில் ஒரே வண்டியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஒருவரை வீட்டில் இறக்கிவிடும் வழியிலேயே அடுத்தவரின் ‘கிளாஸ்’ முடிந்துவிடுவதும் உண்டு. ஆகவே கட்டணத்தைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். தினமும் நான் மட்டும் ஓட்டும் நேரம் எவ்வளவு? முதல் சில நாள் மைதானத்தில் விடுவீர்களா, நேராக ரோட்டுக்கா? கிளட்சில் நீங்கள் கால் வைக்காமல் என்னை ஓட்ட விடுவீர்களா?

மூன்றாவது கேள்வி சில மாஸ்டர்களுக்குப் பிடிக்காது. ஸ்கூல் வண்டியின் கிளட்ச் பிளேட் அவர்களுக்குச் செலவு. இருந்தாலும் கேளுங்கள், ‘மைதானத்தில் உங்கள் கால், ரோட்டில் தேவைப்பட்டால் என் கால்’ என்று சொல்பவரே நல்ல மாஸ்டர்.

ஆரம்பத்திலேயே கணவரிடமோ அண்ணனிடமோ மகனிடமோ கற்பதைத் தவிர்த்துவிடலாம். வீட்டு வண்டியில் இரண்டாவது பிரேக் கிடையாது. பயத்தில் அவர்கள் போடும் சத்தம் உங்கள் காலில்தான் இறங்கும். கிளட்ச் வசப்பட்ட பிறகு அவர்களே நல்ல துணை.

சீட்டில் உட்காருவது

இடது காலால் கிளட்சைத் தரையோடு மிதித்துப் பாருங்கள். முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். எட்டி எட்டி மிதித்தால் பாதி கிளட்ச்தான் விழும், கியர் ‘கர்ர்’ என்று கத்தும். முதுகு சீட்டில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி விடுங்கள், ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும். உயரம் குறைவானவர்கள் சீட்டை முன்னால் இழுப்பதற்கு முன் மேலே உயர்த்திப் பாருங்கள். அந்த வசதி இல்லையென்றால் வழுக்காத, கட்டியான குஷன் போடலாம்.

உள் கண்ணாடியில் பின்பக்கக் கண்ணாடி முழுதாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகளில் உங்கள் வண்டியின் கதவு ஒரு விரல் அகலம் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் ரோடு.

ஹவாய் செருப்பு வேண்டாம். குதிகாலை விட்டுக் கழன்று பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். பின்பட்டை உள்ள செருப்பு அல்லது தட்டையான ஷூ போடுங்கள். புடவை கட்டுபவர்கள் கொசுவத்தைத் தூக்கி முழங்காலுக்கு அடியில் ஒதுக்கிவிட்டு உட்காருங்கள். வேட்டிக்கும் இதே பேச்சுதான்.

கிளட்ச்: இங்கேதான் நேரத்தைக் கொட்ட வேண்டும்

இன்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். நிற்கும் வண்டியின் சக்கரம் சுற்றாது. இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச். பெடலை முழுக்க மிதித்தால் பிரிந்திருக்கும், முழுக்க விட்டால் சேர்ந்திருக்கும். நடுவில் ஓர் இடத்தில் இரண்டும் உரசிக்கொண்டு சேரத் தொடங்கும். நம்மூரில் இதை ஹாஃப் கிளட்ச் என்பார்கள். கார் ஓட்டுவதில் முக்கால்வாசி அந்த இடத்தைக் கால் அறிவதுதான்.

காலியான சமதளம் தேடுங்கள். கடலூரைச் சுற்றி இன்னும் வீடு வராத மனைப்பிரிவுகளில் தார் போட்ட காலி ரோடுகள் நிறைய இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு நாயும் மாடும் மட்டும்தான் இருக்கும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் ரோடு அகலமாக இருக்கிறதே என்று அங்கே போக வேண்டாம். அந்த நேரத்தில் அது நடைப்பயிற்சி செய்பவர்களின் ரோடு.

வலது காலை எந்தப் பெடலிலும் வைக்காமல், பிரேக்குக்கு நேராகத் தரையில் வையுங்கள். கிளட்சை முழுக்க மிதித்து ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். குதிகால் தரையில் இருக்க, பாதத்தை மட்டும் மிக மெதுவாக உயர்த்துங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் சற்று அடங்கும், வண்டியில் மெல்லிய அதிர்வு வரும். அங்கேயே காலை நிறுத்துங்கள். ஆக்சிலேட்டர் இல்லாமலே வண்டி நகரத் தொடங்கும். மூன்று விநாடி அப்படியே வைத்திருந்துவிட்டு மீதியை விடுங்கள். நடைவேகத்தில் தானாகப் போகும். பத்து மீட்டர் போனதும் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து நிறுத்துங்கள். திரும்ப முதலிலிருந்து.

இதை முப்பது நாற்பது முறை செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் ‘ரோட்டுக்குப் போலாமா’ என்பார். போக வேண்டாம். இரண்டு மூன்று நாள் இதுவே பாடம். ஆக்சிலேட்டரைத் தொடாமல் பழகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தபடி கிளட்சை எப்படி விட்டாலும் வண்டி ஒருவழியாக நகர்ந்துவிடும், குலுங்கிக் குதித்தாவது நகரும். தவறு மறைந்துபோகும், கிளட்ச் பிளேட் தேயும். ஆக்சிலேட்டர் இல்லாதபோது கால் தவறினால் உடனே ஆஃப் ஆகிவிடும். அந்த ஆஃப் ஆவதுதான் இங்கே வாத்தியார்.

ஆஃப் ஆனால் செய்ய வேண்டியதையும் இங்கேயே பழகிவிடுங்கள்: பிரேக், கிளட்ச் முழுக்க, நியூட்ரல், சாவி, ஃபர்ஸ்ட் கியர். இந்த வரிசை கைகாலுக்குத் தானாக வரும்வரை வேண்டுமென்றே ஆஃப் செய்து பழகுங்கள். நாளைக்கு இம்பீரியல் ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் வண்டி நின்று, பின்னால் பத்து ஹாரன் அலறும்போது யோசிக்க நேரம் இருக்காது. ஹாரன் அடிப்பவருக்காக அவசரப்பட்டுக் கிளட்சைச் சட்டென விட்டால் மறுபடி ஆஃப் ஆகும். நான்கு பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு உங்கள் வேகத்திலேயே செய்யுங்கள். யாரும் உங்களை இடித்துவிட்டுப் போகப் போவதில்லை.

ஓடும்போது கிளட்ச் மேல் கால் ஓய்வெடுக்கக் கூடாது. எடை லேசாகப் பட்டாலும் பிளேட் நழுவும். அந்த எரிந்த நாற்றம் வந்தால் உங்கள் கால் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று அர்த்தம்.

கியரும் வேகமும்

நகர்வதற்கு மட்டும் ஃபர்ஸ்ட். 10-15 கி.மீ. வந்ததும் செகண்ட், 25-30-ல் தேர்டு, 40 ஒட்டி ஃபோர்த், 50-க்கு மேல் ஃபிஃப்த். இவை தோராயம்தான், காது பழகினால் ஸ்பீடாமீட்டர் தேவைப்படாது. இன்ஜின் முனகினால் கியரைக் குறைக்க வேண்டும், கத்தினால் ஏற்ற வேண்டும். கியரைப் பார்த்துப் போடாதீர்கள். இன்ஜினை ஆஃப் செய்து, கண்ணை ரோட்டில் வைத்து, கையை மட்டும் பழக்குங்கள். ரிவர்ஸ் கியர் வண்டிக்கு வண்டி மாறும்: சிலவற்றில் லீவருக்குக் கீழுள்ள வளையத்தைத் தூக்க வேண்டும்.

நிறுத்தும்போது பலர் முதலில் கிளட்சை மிதிக்கிறார்கள். வேகத்தில் போகும்போது அது தவறு. இன்ஜினின் பிடிப்பு போய் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும். முதலில் பிரேக், வேகம் நன்றாக இறங்கி வண்டி முனகத் தொடங்கும்போது கிளட்ச். நடைவேகத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்து மிதிக்கலாம்.

ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கியிருப்பவர்களுக்கு இந்தப் பாடமெல்லாம் இல்லை. இடது காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது காலுக்கு மட்டும் என்று பழகினால் போதும்.

இடது பக்கம் எங்கே முடிகிறது?

இருபது வருஷம் பைக்கோ ஸ்கூட்டியோ ஓட்டியவர்களுக்கு ரோடு விதிகளும் நிதானமும் தெரியும், அது பெரிய பலம். ஆனால் கண் தன்னை வண்டியின் நடுவில் வைத்தே கணக்குப் போடும். காரில் நீங்கள் வலது ஓரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு இடப்பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் வண்டி இருக்கிறது. அதனால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கி, நிற்கும் ஆட்டோவின் கண்ணாடியை உரசும். சிலர் அதற்குப் பயந்து நடுக்கோட்டுக்கு மேல் போய்விடுவார்கள்.

இதற்குக் காலி தண்ணீர் பாட்டில் போதும். மைதானத்தில் ஒன்றை நிறுத்தி, இடது முன் சக்கரத்தால் அதை நசுக்கப் பாருங்கள். முதலில் அரை மீட்டர் தள்ளிப் போகும். ஒவ்வொரு முறையும் இறங்கிப் பாருங்கள். சரியாக நசுங்கும்போது பாட்டில் பானெட்டின் எந்த இடத்தில் மறைந்தது என்பதைக் கண் குறித்துக்கொள்ளும். பிறகு இரண்டு பாட்டிலை இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்து நடுவில் போய்ப் பழகுங்கள். சின்ன கார்களின் அகலம் பெரும்பாலும் 1.6 முதல் 1.75 மீட்டர், கண்ணாடிகள் தனி. பார்வையைப் பானெட் முனையில் வைக்காமல் தூரத்தில் வைத்தால் ஸ்டியரிங் தானாக நேராகும். வண்டி பாம்பு போல நெளிவது கையின் குற்றமல்ல, கிட்டப் பார்ப்பதன் விளைவு.

மேட்டில் எடுப்பது

கடலூர் சமவெளி ஊர். பழகும் நாட்களில் மேடே கண்ணில் படாமல், தேர்வு அன்றோ பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போதோதான் முதன்முதலில் வண்டி பின்னால் உருளும். கேப்பர் மலைக்கு ஏறும் சாலையில் போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்து மாஸ்டரோடு போய் இதைப் பழகிவிடுங்கள்.

1. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள்.
2. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டயலில் 1500 அளவுக்கு ஏற்றி, அங்கேயே வையுங்கள்.
3. கிளட்சை ஹாஃப் வரை விடுங்கள். வண்டியின் மூக்கு சற்றே எழும்பும், பின்பக்கம் தாழும்.
4. இப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி அசையாமல் நின்றால் ஹாஃப் கிளட்ச் சரி. கொஞ்சம் ஆக்சிலேட்டர் கூட்டி, கிளட்சை மெல்ல விடுங்கள்.

பின்னால் உருண்டால் ஹேண்ட் பிரேக்கைச் சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள். ஆஃப் ஆனால் கிளட்சைக் கூடுதலாக விட்டீர்கள். நெரிசலில் நிற்கும் நேரம் முழுக்க ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருப்பது கெட்ட பழக்கம், பிளேட் சூடாகிக் கருகும். நிற்கும்போது பிரேக்.

ரிவர்ஸ்

வேகம் முழுவதும் கிளட்சில், ஆக்சிலேட்டர் வேண்டாம். உடம்பைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கேமராவை மட்டும் நம்பினால் பக்கவாட்டில் வருவது தெரியாது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ வண்டியின் பின்பக்கம் அந்தப் பக்கம் போகும், முன்பக்கம் எதிர்ப்பக்கம் வீசும். பின்னால் பார்த்துக்கொண்டே முன் பம்பரைச் சுவரில் தேய்ப்பது இதனால்தான்.

இரண்டு வண்டிக்கு நடுவில் நிறுத்த, 4 மீட்டர் காருக்கு 6 மீட்டர் இடம் இருந்தால் நிம்மதி. முன்னால் நிற்கும் வண்டிக்கு இரண்டடி தள்ளி இணையாக நின்று, இரண்டு பின் பம்பரும் நேராகும்போது இடப்பக்கம் முழுக்க ஒடித்துப் பின்னால் வாருங்கள். வண்டி பாதிச் சாய்வுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை நேராக்கி இன்னும் கொஞ்சம் பின்னால். உங்கள் முன் இடது முனை முன் வண்டியின் பின் பம்பரைத் தாண்டியதும் வலப்பக்கம் முழுக்க ஒடியுங்கள்.

ரோட்டில்

முதலில் மஞ்சக்குப்பத்தின் உள் ரோடுகள், காலை ஏழு மணிக்கு முன். இடது திருப்பம் மட்டும் எடுத்து ஒரு பிளாக்கைச் சுற்றி வாருங்கள். எதிர்வரும் வண்டிகளைக் கடக்க வேண்டிய வலது திருப்பம் அடுத்த வாரம். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு லாஸ்பேட்டைப் பக்கத்து அகலமான தெருக்கள் ஏற்றவை. பழைய நகரின் கட்டம் போட்ட வீதிகள் திரும்பிப் பழக நல்லவை, ஆனால் ஒருவழிப் பலகைகளைப் படித்துவிட்டு நுழையுங்கள். கடற்கரைச் சாலை மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளுக்கு மூடப்படும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கடைசியாகக் கடலூர்–புதுச்சேரி சாலை. இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனால் தனியார் பஸ்களின் வேகம் அந்தச் சாலையின் சட்டம். ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் வரை பழகி, பிறகு கன்னியக்கோயில், பிறகு அரியாங்குப்பம் என்று நீட்டிக்கொண்டே போங்கள். பஸ் பின்னால் ஒட்டி வந்து ஹாரன் அடித்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள். இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி விட்டுவிடுங்கள். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஆள் குறுக்கே வருவார் என்றே எண்ணுங்கள். எல்லையை ஒட்டிய மதுக்கடைகள் இருக்கும் பகுதியில் மாலைக்கு மேல் பைக்குகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. கற்கும் காலத்தில் அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே ஒரு விநாடி ஆகிவிடும். முன் வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் அதைத் தாண்ட மூன்று விநாடியாவது ஆக வேண்டும். அவசரத்தில் நிறுத்த நேர்ந்தால் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் பிரேக் வசதி) உள்ள வண்டியில் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து அப்படியே வையுங்கள். பெடல் காலுக்கடியில் படபடவென்று உதைக்கும். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

தேர்வு நாள்

ஆர்.டி.ஓ. மைதானத்தில் என்ன வரையச் சொல்கிறார்கள், எட்டா, எச் போன்ற ரிவர்ஸா என்பதை ஸ்கூலில் முன்கூட்டியே கேட்டு அதே அளவில் பழகிக்கொள்ளுங்கள். ஏறியதும் சீட், கண்ணாடி, பெல்ட் மூன்றையும் அதிகாரி பார்க்கச் சரிசெய்யுங்கள். இண்டிகேட்டரை மறப்பதும் ஹேண்ட் பிரேக்கை இறக்காமல் நகர்வதும் பதற்றத்தில் நடப்பவை. தவறினால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம்.

இரவும் மழையும்

லைசென்ஸ் வந்த பிறகும் இரவை ஒரு மாதம் தள்ளிப்போடலாம். எதிர்வண்டி பிரைட்டில் வந்தால் அதன் விளக்கைப் பார்க்காமல் ரோட்டின் இடது வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். உங்கள் விளக்கை டிம்முக்கு மாற்றுங்கள். கரும்பு வெட்டும் மாதங்களில் நெல்லிக்குப்பம் சாலையில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் ஊர்ந்து போகும். உங்கள் வெளிச்சம் விழும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம். அறுவடைக் காலத்தில் உள்சாலைகளில் பாதி ரோட்டுக்கு நெல் காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் வைப்பர் ரப்பரையும் டயர் தேய்மானத்தையும் பாருங்கள். கண்ணாடி உள்ளே ஆவி படிந்தால் ஏசியைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் சில நிமிடத்தில் தெளியும். ஓடும் தண்ணீரில் இறங்கவே கூடாது. தேங்கிய தண்ணீர் என்றால் முன்னால் போகும் வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். பாதிச் சக்கரம் மறைந்தால் திரும்பிவிடுங்கள். இறங்கத்தான் வேண்டுமென்றால் ஃபர்ஸ்ட் கியர், சீரான ஆக்சிலேட்டர், நடுவில் கியர் மாற்றமோ நிறுத்தமோ இல்லை. தாண்டியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து உலர விடுங்கள்.

தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று போகும் வழியில் தண்ணீர் ஏறியிருந்தால் அது சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசிகளில் பல இந்தச் சேதத்துக்குப் பணம் தராது, இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பகுதி எடுத்திருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டு, நாலு பேரைக் கூப்பிட்டு மேட்டுக்குத் தள்ளி நிறுத்துங்கள். மெக்கானிக் வந்து ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்கும்வரை சாவியைத் தொட வேண்டாம்.